ஐபேடா? பேடா!

கன்னடத்தில் 'பேடா' என்றால் 'வேண்டாம்'. தின்கிற பேடா இல்லை :-)

எங்கள் வீட்டுப் பொடியன், எதிரே நிற்கும் ஒரு மனுஷரின் முகத்தைப் பார்த்து, அர்த்தம் புரிந்து, சமயம் பார்த்துச் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை இதுதான். அப்போது அவனுக்கு இரண்டு வயது ஐந்து மாதம். இடம், மைசூர் தேவராஜ மொஹல்லா. நான் பிறந்து வளர்ந்த வீடு இருக்கும் தெருவின் முனை. பூக்காரம்மா ஒரு ரசபாளே வாழைப்பழத்தை நீட்டினார். இவன் தலையை ஆட்டிக்கொண்டு "பேடா" என்றான். அந்தம்மா சிரித்துவிட்டுப் பழத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நானும் தங்கமணியும் நடுத்தெருவில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நியூ ஜெர்சியில் பிறந்த தமிழ்ப் பையன் கன்னடத்தில் பேச ஆரம்பித்ததற்கு எதற்கு அழுகை என்று கேட்பீர்கள். கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பொடியனுக்கு ஒன்றரை வயசு தாண்டியதுமே ஏபிசிடி முழுசும் தெரியும். ஒன்றிலிருந்து இருபது வரை ஆங்கிலத்தில் ஒரு எண் விடாமல் சொல்வான். சிவப்பு, நீலம், மஞ்சள், முக்கோணம், வட்டம் எல்லாம் அத்துப்படி. எடிசனில் எந்த வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் "அங்கிளுக்கு ஒன் டூ த்ரீ சொல்லிக் காட்டு கண்ணா" என்று ஒரு கச்சேரி நடக்கும். கைதட்டல் விழும். எனக்குக் காலர் தானாகத் தூக்கிக்கொள்ளும். ஜீனியஸ்தான், சந்தேகமே இல்லை என்று முடிவே கட்டிவிட்டேன்.

இரண்டு வயசு செக்கப். டாக்டரம்மா கேட்டார், "எத்தனை வார்த்தை பேசறான்?" நான் பெருமையாக ஏபிசிடி கதையை எடுத்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "தண்ணி வேணும்னா எப்படிக் கேக்கறான்?" என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் முழித்தோம். தண்ணி வேண்டுமென்றால் அவன் எங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஃப்ரிட்ஜ் முன்னால் நிறுத்துவான். அம்மா என்று கூப்பிட்டதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாதி நேரம் திரும்பிப் பார்ப்பதில்லை. இருபது வரைக்கும் எண்ணுகிற பையனிடம் "ரெண்டு பிஸ்கட் எடுத்து அப்பாகிட்ட குடு" என்றால் ஒன்றும் நடக்காது. அந்த இருபது எண்களும் அவனுக்கு ஒரு பாட்டு, அவ்வளவுதான். இரண்டு வயதில் சுமாராக ஐம்பது வார்த்தையாவது இருக்க வேண்டும், 'அம்மா வா', 'பால் குடு' மாதிரி இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். காது சரியாகக் கேட்கிறதா என்று சோதிக்க அனுப்பினார். காதில் குறை ஒன்றும் இல்லை.

"திரை எவ்வளவு நேரம் பாக்கறான்?" என்ற கேள்விக்கு "ஒரு மணி நேரம் இருக்கும்" என்றோம். கூசாமல். காரில் திரும்பி வரும்போது தங்கமணி விரல் விட்டு எண்ணினாள். காலையில் இட்லி ஊட்ட அரை மணி. டேகேர் போக வரக் காரில் நாற்பது நிமிஷம். சாயங்காலம் நாங்கள் சமையலும் ஆபீஸ் மெயிலும் முடிக்க ஒரு மணி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி. இது போக ஹாலில் யாரும் பார்க்காமலே ஓடிக்கொண்டிருக்கும் டிவி. கூட்டினால் வார நாளிலேயே நாலு மணி நேரத்தைத் தொட்டது. சனி ஞாயிறைக் கணக்கில் எடுக்கவே தைரியம் வரவில்லை.

எங்களிடம் ஒரு நல்ல சாக்கு இருந்தது. "அவன் பாக்கறதுல பாதி தமிழ்ப் பாட்டுதானே?" சென்னையில் ஒரு அப்பா தன் மகளுக்காகச் செய்த கார்ட்டூனில் தொடங்கி, 2013-லிருந்து உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்த சூச்சூ டிவியில் தமிழ்ப் பாட்டும் உண்டு. அது நன்றாகச் செய்த சரக்கு, அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தமிழ் சொல்லித் தரும் வேலையை அதன் தலையில் கட்டிவிட்டு நான் கழன்றுகொண்டேன் பாருங்கள், அதுதான் தப்பு. காதில் தமிழ் விழுந்தால் வாயில் தமிழ் வந்துவிடும் என்று நம்பினேன்.

அது வராது என்று காட்டும் ஆராய்ச்சி 2003-லேயே வந்துவிட்டது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்ரிஷியா குல் என்ற அம்மாள் குழுவாகச் செய்தது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள், வீட்டில் ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்கிறவர்கள். ஒரு குழுவுக்குச் சீன மொழி பேசும் ஆள் நேரில் உட்கார்ந்து கதை சொல்லி, பொம்மை காட்டி விளையாடினார். சில வாரங்களில் மொத்தம் 12 முறை, ஒவ்வொன்றும் 25 நிமிஷம். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே கதை, அதே பொம்மை, ஆனால் டிவியில். கடைசியில் சோதித்தால், நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் நுணுக்கமான ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். டிவி குழந்தைகளோ, சீனமே கேட்காத குழந்தைகளைவிட ஒரு அடிகூட முன்னால் போகவில்லை.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. சீனம் என்ற இடத்தில் தமிழ் என்று போட்டுப் படித்துப் பாருங்கள். உங்களுக்கும் சுருக்கென்னும்.

பேபி ஐன்ஸ்டைன் டிவிடி ஞாபகம் இருக்கிறதா? ஒரு காலத்தில் வளைகாப்புக்கு அதைத்தான் பரிசாகக் கொடுப்பார்கள். அந்த மாதிரி டிவிடிக்கள் பற்றி 2007-ல் ஒரு ஆய்வு வந்தது. 8 முதல் 16 மாதக் குழந்தைகளில், தினம் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பார்த்தவர்களுக்கு, பார்க்காதவர்களைவிட ஆறிலிருந்து எட்டு வார்த்தை குறைவாகத் தெரிந்திருந்தது. டிவிடிதான் அதற்குக் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்து காணப்பட்டது என்றுதான் சொல்ல முடியும். 2009-ல் டிஸ்னி, வேண்டாதவர்கள் டிவிடியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தது.

சரி, மைசூருக்கு வருவோம்.

அதற்கு முன்னால் ஒரு கூத்து. டேகேரில் ஒருவர் அக்கறையோடு சொன்னார், "ரெண்டு மொழி கேட்டுக் குழம்பறான். வீட்லயும் இங்கிலீஷ் மட்டும் பேசுங்க." பயத்தில் இருந்தோம், சரி என்றுவிட்டோம். அடுத்த இரண்டு மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. "ப்ளீஸ் ஃபினிஷ் யுவர் இட்லி, கண்ணா" என்று தங்கமணி ஆபீஸ் மீட்டிங் குரலில் சொல்வாள். எனக்கு ஆங்கிலத்தில் கோட் ரிவ்யூ செய்யத் தெரியும், குழந்தையைக் கொஞ்சத் தெரியாது. "என் செல்லக் குட்டி, என் வெல்லக் கட்டி, சோறு தின்ன வாடா கழுதை" என்பதை எந்த ஆங்கிலத்தில் சொல்வது? விளைவு, வீட்டில் பேச்சே குறைந்துபோனது. பேசிக்கொண்டிருந்த நேரத்தையும் ஐபேட் எடுத்துக்கொண்டது.

அது தப்பான யோசனை என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை என்பதுதான் அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கமே சொல்வது. உங்களுக்கும் யாராவது இப்படிச் சொன்னால் தயவுசெய்து தமிழை நிறுத்திவிடாதீர்கள். தாய்மொழியை எடுத்துவிட்டால் குழந்தைக்கு மிஞ்சுவது நம்முடைய வறண்ட ஆபீஸ் ஆங்கிலம்தான்.

டிசம்பரில் ஐந்து வாரம் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனோம். தேவராஜ மொஹல்லா தெரியாதவர்களுக்கு: மைசூரின் நடு மையம். ஒரு பக்கம் சயாஜி ராவ் ரோடு, தேவராஜ மார்க்கெட், பக்கத்திலேயே சின்ன கடியாரம் என்கிற மணிக்கூண்டு. மார்க்கெட்டுக்குள் போனால் கூம்பு கூம்பாகக் குங்குமம், மல்லிகை, வெற்றிலை, வாழைத்தார். தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே வேர் பிடித்த குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். எனக்குக் கன்னடம் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கோலி விளையாடினேன், கடைக்குப் போய்ச் சாமான் வாங்கினேன், அடி வாங்கினேன், வந்துவிட்டது.

அம்மா வீட்டில் ஐபேடுக்குத் தடை எதுவும் போடவில்லை. அதற்கு நேரம்தான் கிடைக்கவில்லை. அது அவரைக்காய் சீசன். காலையில் அம்மா கூடை நிறைய அவரையைக் கொட்டிக்கொண்டு வாசலில் உட்கார்வார். பக்கத்து வீட்டு மாமி, எதிர்வீட்டு கௌடரம்மா, அவர் பேத்தி எல்லோரும் உரிக்க வந்துவிடுவார்கள். பொடியன் நடுவில். ஆளுக்கு ஆள் அவனிடம் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அவனும் அவரைக்கொட்டையை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்ப்பான். கொடுத்ததற்கு ஒரு பதில் வரும். மறுபடி கொடுப்பான்.

தெரு முனைப் பூக்காரம்மாதான் பெரிய டீச்சர். தினம் அம்மாவுக்குப் பூ வாங்க இவனைத் தூக்கிக்கொண்டு போவேன். அந்தம்மா முழங்கையில் மல்லிகைச் சரத்தை அளப்பார். "ஒந்து..." என்று அளந்துவிட்டு இவன் முகத்தைப் பார்த்தபடி அப்படியே நிறுத்திவிடுவார். கை அந்தரத்தில் நிற்கும். பின்னால் ஆள் காத்திருந்தாலும் அவசரப்பட மாட்டார். இவன் ஒன்றும் சொல்லாவிட்டால் அவரே "எரடு" என்று அளப்பார். மறுபடி நிறுத்துவார். பத்துப் பன்னிரண்டு நாள் இப்படியே போனது. ஒருநாள் "ஒந்து" என்று நிறுத்தினார். இவன் குனிந்து பூவைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், "எரடு" என்றான். அவர் அளந்தார். "மூரு" என்றான். அந்த வாரத்திலேயே வந்தது, முதலில் சொன்ன 'பேடா'.

இருபது வரைக்கும் ஆங்கிலத்தில் ஒப்பித்தவன், இரண்டு என்றால் இரண்டு முழம் என்று புரிந்துகொண்டது அந்தத் தெரு முனையில்தான்.

மைசூரில் இன்னொரு வசதி உண்டு. பேச்சுக்கும் செவித்திறனுக்கும் என்றே மத்திய அரசு 1965-ல் தொடங்கிய அகில இந்திய நிறுவனம் மானசகங்கோத்ரியில் இருக்கிறது. அங்கே படித்துவிட்டுத் தனியாகப் பார்க்கும் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் பொடியனைக் கூட்டிப்போனோம். அவர் ஒரு மணி நேரம் கவனித்தது அவனை அல்ல, எங்களை. பிறகு சொன்னார்: "நீங்க பேசறீங்க, ஆனா பரீட்சை வைக்கறீங்க. இது என்ன கலர், அது என்ன மிருகம்னு. அவன் யோசிக்கறதுக்குள்ள நீங்களே பதிலும் சொல்லிடறீங்க. ஒரு தரம் சொல்லிட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. அவனோட முறை வரட்டும்."

பூக்காரம்மா அதைத்தான் செய்துகொண்டிருந்தார். எந்தக் காலேஜும் போகாமல்.

திரையால் செய்ய முடியாதது அதுதான். அது பாடும், ஆடும், தமிழிலும் பேசும். ஆனால் குழந்தை பதில் சொன்னதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. காத்திருக்காது. 2024-ல் ஆஸ்திரேலியாவில் 220 குடும்பங்களில், குழந்தைகளுக்கு ஒரு வயதானதிலிருந்து மூன்று வயதாகும் வரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுப் பேச்சை நாள் முழுக்கப் பதிவு செய்து பார்த்தார்கள். மூன்று வயதில் சராசரித் திரை நேரம் 2 மணி 52 நிமிஷம். அவ்வளவு பார்க்கும் குழந்தைக்கு ஒரு நாளில் பெரியவர்கள் சொல்லும் வார்த்தைகளில் 1,139-ம், குழந்தையின் சொந்தக் குரலில் 843 ஒலிகளும், 'நீ ஒண்ணு நான் ஒண்ணு' என்ற மாற்றுப் பேச்சில் 194-ம் குறைந்துபோகலாம் என்று கணக்கிட்டார்கள். கடைசி எண்தான் எனக்கு உறைத்தது. ஒரு நாளில் 194 தடவை பூக்காரம்மா கையை நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனையும் போச்சு.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். இந்தக் கணக்கு எல்லாக் குழந்தைக்கும் பொதுதான். ஆனால் நம் மாதிரி வெளியூரில் இருக்கிறவர்களுக்கு நஷ்டம் ஒரே மாதிரி விழுவதில்லை. தேவராஜ மொஹல்லாவில் ஒரு குழந்தை ஒரு மணி நேரம் டிவி பார்த்தால், மீதி நேரத்தில் தெரு அதனோடு பேசிவிடும். எங்கள் எடிசன் அபார்ட்மெண்டில் தெரு கிடையாது. டேகேர் ஒன்பது மணி நேரம் ஆங்கிலம் கொடுக்கிறது, நாளைக்கு ஸ்கூல் கொடுக்கும், ஆங்கிலத்துக்கு ஒரு குறையும் வராது. தமிழுக்கு இருப்பது இரண்டே இரண்டு களைத்த ஆத்மாக்கள், சாயங்காலம் ஆறே காலிலிருந்து எட்டரை வரை. இரண்டே கால் மணி நேரம். அதில் முக்கால் மணி சாப்பாட்டுக்கும் ஒரு மணி சமையலுக்கும் என்று ஐபேடுக்குக் கொடுத்தால், மிச்சம் அரை மணி. ஆங்கிலத்துக்கு அதனால் பெரிய சேதமில்லை. தமிழுக்கு முக்கால்வாசி போய்விடுகிறது. நாமே நம் கையால் எடுத்துக் கொடுக்கிறோம். அப்புறம் பத்து வயசில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்த்துவிட்டு, "இவனுக்குத் தமிழே வரமாட்டேங்குது" என்று அலுத்துக்கொள்கிறோம்.

"வாய் பேசும்யா, இங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், மாமியார் இல்ல, வெளியில ரெண்டடி பனி, சமைக்கிறதா வேண்டாமா?" என்று திட்டுவது கேட்கிறது. ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் திரை ஒழிந்துவிடவில்லை. உலக சுகாதார நிறுவனமே 2019-ல் சொன்னது, ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு மணி நேரத்துக்குள் என்றுதான். நம் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வதும் ஏறக்குறைய அதேதான், இரண்டு வயதுக்குள் சொந்தக்காரர்களோடு வீடியோ கால் தவிர வேறு திரை வேண்டாம் என்று. ஆகவே குற்ற உணர்ச்சியில் வெந்து சாகச் சொல்லவில்லை. எந்த ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுக்கிறோம் என்று பார்க்கச் சொல்கிறேன்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். சாப்பாட்டு மேஜையில் திரை இல்லை. முதல் ஒன்பது நாள் ரணகளம். பாதிச் சாப்பாடு தரையில். பத்தாம் நாள் தானே எடுத்துச் சாப்பிட்டான். யாரும் பார்க்காத டிவியை அணைத்தோம். சமைக்கும்போது அவனுக்கும் ஒரு கிண்ணம், கொஞ்சம் பட்டாணி. வாரத்தில் நாலு நாள் பாட்டியோடு வீடியோ கால். அதற்கு மட்டும் ஐபேட் உண்டு, ஏனென்றால் பாட்டி காத்திருப்பார். பதிவு செய்த வீடியோவில் புது வார்த்தை பிடிக்காத இரண்டு வயதுக் குழந்தைகள், நேரடி வீடியோ காலில் பிடித்துக்கொண்டார்கள் என்று 2014-ல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. "எப்படி இருக்கே, சாப்பிட்டியா"வோடு நிறுத்தாமல் இரண்டு பேருக்கும் ஒரே வேலை கொடுங்கள். அங்கே பாட்டி உரிக்க, இங்கே இவன் உரிக்க, அரை மணி ஓடுகிறது. முக்கியமாக, தமிழைத் திரும்பக் கொண்டுவந்தோம், கழுதை உட்பட.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். போனைப் பிடுங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாட்ஸப்பில் 'விர்ச்சுவல் ஆட்டிசம்' கதைகள் சுற்றுகின்றன. அப்படி ஒரு நோய் எந்த மருத்துவப் பட்டியலிலும் இல்லை. பேச்சு தாமதத்துக்குக் காது, ஆட்டிசம், வேறு பல காரணங்கள் இருக்கலாம். "எங்க சித்தப்பா நாலு வயசுலதான் பேசினார்" என்று சொல்லும் உறவினர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, காட்டிவிடுங்கள். அமெரிக்காவில் மூன்று வயதுக்குள் என்றால் எல்லா மாநிலத்திலும் 'எர்லி இன்டர்வென்ஷன்' உண்டு, டாக்டர் சீட்டு இல்லாமல் நீங்களே கூப்பிடலாம், பரிசோதனைக்குக் காசில்லை. மூன்று தாண்டினால் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். வெட்கப்பட ஒன்றுமே இல்லை. நாங்கள் வெட்கப்பட்டு நாலு மாதம் வீணடித்தோம்.

பொடியனுக்கு இப்போது மூன்றரை வயசு. பேசுகிறான். அவன் வயசுக்காரர்களைவிட இன்னும் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கிறான், வாரம் ஒரு நாள் பயிற்சிக்குப் போகிறோம். திரை குறைந்ததாலா, பயிற்சியாலா, அவன் நேரம் வந்ததாலா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஒரே பிள்ளையை வைத்து ஆராய்ச்சி செய்ய முடியாது.

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் ஆபீஸிலிருந்து மெசேஜ் வந்தது. ஒரே ஒரு நிமிஷம் என்று எடுத்தேன். பொடியன் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, "அப்பா, போன் பேடா" என்றான். ஐபேடை நிறுத்த ஒன்பது நாள் ஆனது. என் போனை நிறுத்த இன்னும் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் தமிழுக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இருக்கிறது? இன்றைக்கு ஒரு நாள் மட்டும் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். அதில் எவ்வளவு திரைக்குப் போகிறது என்று பிறகு பாருங்கள். எங்களைப் போல "ஒரு மணி நேரம் இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் :-)